மகனைக் கொடுக்கப் போன நூற்றெண்பது கிலோமீற்றர்

சனிக்கிழமை காலை 5.40. சுபஹு தொழுதுவிட்டுக் கல்முனையிலிருந்து புறப்பட்டோம். கணவர் முன்னால், நான் அபாயாவைச் சுருட்டிப் பிடித்தபடி பின்னால். நூறு சீசீ மோட்டார் சைக்கிள். யுத்தம் முடிந்து ஒரு வருடம் கடந்த ஜூலை மாதம். பஸ்ஸில் போகலாம் என்றுதான் நான் சொன்னேன்.

"பஸ்ஸுல போனா நாலு பேர் எங்க போறீங்க எண்டு கேப்பாங்க. இன்னும் முடிவில்லாத கதை" என்றார் அவர்.

கதை இதுதான். எங்கள் மகன் ரிஸ்வான் பண்டாரவளைப் பக்கம் ஒரு பாடசாலையில் கணிதம் படிப்பிக்கிறான். அங்கே ஒரு பெண்ணைப் பிடித்திருக்கிறது என்று சொன்னான். எங்கள் ஊர்களில் கலியாணம் முடித்த ஆண் பிள்ளை பெண் வீட்டுக்குப் போய்விடுவான். பெண் பிள்ளை பிறந்ததும் அவளுக்கென்று வீட்டுக்கு அத்திவாரம் போடுவோம்; கடைசிக் காலத்தில் அவளோடு இருப்போம். எங்களுக்கும் ஒரு மகள் இருந்தாள். அவளுக்குக் கட்டிய வீட்டில்தான் இருக்கிறோம். ஒன்பது வயதில் அவளைச் சுனாமி கொண்டுபோனது. மிச்சமிருக்கும் பிள்ளையை மலைக்குக் கொடுத்துவிட்டு வரத்தான் இந்தப் பயணம்.

காரைதீவுச் சந்தியில் திரும்பினால் சம்மாந்துறை வரை வயல். சிறுபோகம் கதிர் தள்ளியிருந்தது. 28ஆவது கிலோமீற்றரில் அம்பாறை. பெற்றோல் லீற்றர் நூற்றுப் பதினைந்து ரூபா. முன்பு சோதனைச் சாவடி இருந்த ஓரிடத்தில் மண் மூட்டைகள் மட்டும் கிடந்தன, மேலே ஒரு நாய் படுத்திருந்தது. ஆனாலும் கணவர் வேகத்தைக் குறைத்தார். நான் அடையாள அட்டையைக் கையில் எடுத்துவிட்டேன்.

"நாய்க்கா காட்டப் போறா?" என்று கேட்டார். சிரித்தோம். வழியில் நாங்கள் சிரித்தது அநேகமாக அவ்வளவுதான்.

8.15க்கு சியம்பலாண்டுவையில் பிளேன்டீ. 10.40க்கு வெல்லவாய. அனல் காற்று, ஹெல்மெட்டுக்குள் வியர்வை. அங்கிருந்து ஏற்றம். இரண்டு பேரை இழுக்க முடியாமல் சைக்கிள் முனகியது. ஒரு வளைவில் சூடு ஆறட்டும் என்று இயந்திரத்தை நிறுத்தினார். அப்போதுதான் அந்த இரைச்சல் கேட்டது. நான் அவருடைய சேர்ட்டைப் பிடித்துக்கொண்டு, "ஓடுவம், ஓடுவம்" என்று கத்தினேனாம்.

"புள்ள, அது இராவணா நீர்வீழ்ச்சி. மேல இருந்து விழுற தண்ணி. எங்களத் தேடி வராது" என்றார் கணவர்.

பிடித்த கையை எல்ல என்ற ஊர் வரும்வரை நான் விடவில்லை.

பண்டாரவளை தாண்டியதும் மரங்கள் குறைந்துவிட்டன. மொட்டை மலைகள், முழங்கால் உயரத்துக்குக் காய்ந்த மஞ்சள் புல், அதற்கு மேல் வானம். மழை இல்லாத மாதங்களில் அந்தப் பக்கம் பாலைவனம் போலத்தான் கிடக்கிறது. குளிர்ந்த காற்று ஒரே சீராக அடித்தது. பார்த்த திசையெல்லாம் ஒரு மனிதரும் இல்லை. மகன் இத்தனை நாளும் இந்த வெறுமையைப் பார்த்துக்கொண்டா இருந்தான் என்று நினைத்தேன்.

1.10க்குப் பெண்ணின் ஊரான சின்ன முஸ்லிம் கிராமத்துக்குப் போய்ச் சேர்ந்தோம். மீட்டரில் 181. பெண்ணின் வாப்பா மரக்கறி லொறி வைத்திருப்பவர். மகனும் வந்திருந்தான். சாப்பாடு முடிந்ததும், வழிநெடுக மனதுக்குள் சொல்லிப் பார்த்து வந்ததை நான் சொன்னேன்:

"எங்களுக்கு மிச்சம் இவன் ஒருவன்தான். உங்கட வீட்டுல ஒரு புள்ளயா வெச்சிப் பாத்துக்கொள்ளுங்க."

பெண்ணின் உம்மா திகைத்துப்போய்ப் பார்த்தார். "என்ன ராத்தா சொல்றீங்க? எங்கட பக்கத்துல பொண்ணத்தானே கூட்டிக்கொண்டு போற. மகள் உங்கட வீட்டுல வந்து ஈக்கிறதுக்குத்தானே நாங்க அலுமாரியும் செஞ்சி வெச்சீக்கி!"

அவருடைய கணவர் தொடையில் தட்டிச் சிரித்தார். "கிழக்குல மாப்பிளய லொறில ஏத்தி அனுப்புறதா?"

மகனுக்கு இரண்டு வழக்கமும் தெரியும். நாங்களே கேட்டுக்கொள்ளட்டும் என்று பேசாமல் இருந்திருக்கிறான். என் கணவரைப் பார்த்தேன். அவர் முகத்தை அப்படி நான் ஐந்தரை வருடமாகக் கண்டதில்லை. எங்கள் வீட்டு முன்னறையில் மீண்டும் ஒரு பெண் பிள்ளை. பேரப்பிள்ளைகள். ஒரு கோப்பைத் தேநீர் குடித்து முடிக்கும்வரை அந்தச் சந்தோஷம் என்னிடம் இருந்தது.

பிறகு பெண்ணின் உம்மா தாழ்ந்த குரலில் கேட்டார்: "ராத்தா, வீடு கடலுக்கு எவ்வளவு தூரம்?"

"அது கொஞ்சம் தூரம்தான்" என்று கணவர் உடனே சொன்னார்.

வாசலில் நின்ற பெண்ணை அப்போதுதான் சரியாகப் பார்த்தேன். இருபத்திரண்டு வயது இருக்கும். கடலை இரண்டு தடவைதான் கண்டிருக்கிறாளாம்.

"முந்நூறு மீற்றர்" என்றேன். "எங்கட மகள் அந்த வீட்டுலதான் மவுத்தாப் போனா. ரெண்டு பேரும் இஞ்சயே இரிக்கட்டும்."

மகன், "உம்மா" என்று மட்டும் சொன்னான். பெண்ணின் வாப்பா சம்மதமாகத் தலையாட்டினார்.

ஞாயிற்றுக்கிழமை காலை 7.30க்குத் திரும்பினோம். மஞ்சள் மலைகளும் குளிரும் பின்னால் போய், வெல்லவாயவில் மறுபடி அனல். சியம்பலாண்டுவையில் கணவர் சைக்கிளை நிறுத்தினார். அதே கடையில் தேநீரை ஆற்றிக்கொண்டு கேட்டார்:

"தூரம் எண்டு நான் சொன்னதோட விட்டிருக்கலாமே?"

"ஓம், விட்டிருக்கலாம்."

"ஏன் விடல்ல?"

"ஒவ்வொரு நாளும் கடல் இரையக்குள்ள அந்தப் புள்ளயயும் நான் எண்ணிப் பாக்கணுமே."

அவர் தேநீரைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்துபோய் சைக்கிளை ஊர்ப் பக்கம் திருப்பி நிறுத்தினார்.

அஸர் தொழுகைக்குச் சற்று முன் வீடு. அங்கே நாலாயிரம் அடி உயரம்; இங்கே படலையைத் திறக்கும்போதே உப்புக் காற்று. கணவர் குளிக்கப் போனார். நான் முன்னறையில் உட்கார்ந்து கடலைக் கேட்டேன். இனி அது வந்தாலும் இந்த வீட்டில் நாங்கள் இருவர்தான். ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டால் போதும். தேடி ஓடுவதற்கு வேறு அறையில் யாரும் இருக்கமாட்டார்கள்.