நன்றிப் படங்களில் இரண்டு கைகள்

"இது நாய் கடிச்சதில்லைங்க, பூனை. நாய் கடிச்சா இவ்வளவு சுத்தமா இருக்காது."

யாரும் கேட்கவில்லை. பேத்தியைப் பார்க்க வந்து, சம்பந்தி வீட்டுச் சோபாவின் நுனியில் உட்கார்ந்திருந்த பிடி மாமா, கட்டுப் போட்ட விரலைத் தானாகவே நீட்டிக் காட்டினார். பத்து நாள் குழந்தையை அணைத்திருந்த சம்பந்தியம்மா இரண்டடி பின்னால் போனார்.

கால்நடை ஆஸ்பத்திரியில் இருபத்தாறு வருஷமாக அவருக்கு ஒரே வேலைதான். டாக்டர் ஊசி போட்டு முடிக்கும்வரை நாயையோ பூனையையோ அசையாமல் பிடித்திருக்க வேண்டும். அதனால் பிடி மாமா. நாய் உறுமினால் டாக்டர் மருந்துச் சீட்டில் தேதி எழுதுவார். ஒரு தேதியை எவ்வளவு நேரம் எழுதலாம் என்று அவரிடம்தான் கற்றுக்கொள்ள வேண்டும். பிடி மாமா மடக்கிப் பிடித்ததும் டாக்டர் கம்பீரமாக எழுந்து வருவார்.

நாய் பிழைத்துவிட்டால் சொந்தக்காரர்களுக்கு நன்றி பொங்கும். கேக் டாக்டருக்கு, பூங்கொத்தும் டாக்டருக்கு. கடி மட்டும் பிடி மாமாவுக்கு. வரவேற்பறைச் சுவரில் நன்றிப் படங்கள் நாற்பத்தொன்று தொங்குகின்றன. எல்லாவற்றிலும் டாக்டர் சிரிக்கிறார், நாய் முறைக்கிறது. ஓரத்திலிருந்து இரண்டு கைகள் வந்து நாயைப் பிடித்திருக்கின்றன. அந்தக் கைகளுக்குரிய தலை ஒன்றிலும் இல்லை.

அதில் ஒரு படம் சம்பந்தியம்மாவின் குண்டு நாயுடையது. போன வருஷம் நகம் வெட்டக் கொண்டுவந்தபோது மூன்று பேரைக் கடித்தது. பிடி மாமாதான் துண்டில் சுருட்டிப் பிடித்தார். வேலை முடிந்ததும் அம்மா கண்கலங்கி, "டாக்டர், உங்க கை ராசியான கை" என்றார். டாக்டர் மறுக்கவில்லை.

அதே அம்மாதான் இப்போது சொன்னார்: "கண்ட மிருகத்தையும் தொடுற கை, அண்ணா. பச்சப்புள்ளைக்கு ஆகாது. கொஞ்ச நாள் போகட்டும்."

குண்டு நாய் தொட்டிலுக்கடியில் படுத்துக் குழந்தையின் துணியை நக்கிக்கொண்டிருந்தது.

பிடி மாமாவுக்குப் பேத்தியை ஒருதரம் மடியில் வாங்க வேண்டும், அவ்வளவுதான். அடுத்தடுத்து வந்தபோதெல்லாம் முழங்கைவரை சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டு நின்றார்.

"அப்பாகிட்டயும் ஒருதடவை குடுங்க, அத்தை" என்பாள் மகள். அத்தைக்குச் சரியாக அந்த நேரத்தில் காது கேட்காது. இப்படியே ஐந்து வாரம் ஓடியது.

இன்று காலை ஆஸ்பத்திரியில் குழந்தைக்குத் தடுப்பூசி. பிடி மாமாவும் கூடப் போயிருந்தார். "காலை யாராவது நல்லாப் பிடிங்க" என்று நர்ஸ் சொன்னதும் மருமகனுக்கு அவசரமாகப் போன் வந்தது. மகள் கண்ணை மூடிக்கொண்டாள். சம்பந்தியம்மா பிடித்தார். குழந்தை விட்ட உதையில் ஊசி மெத்தையில் இறங்கியது.

"புள்ளையைப் பிடிக்கச் சொன்னா என் கையைப் பிடிக்கிறீங்களேம்மா!" என்று நர்ஸ் வேறு ஊசியைப் பிரித்தாள்.

சம்பந்தியம்மாவின் குரல் இறங்கியது. "அண்ணா... நீங்க பிடிக்கிறீங்களா?"

பிடி மாமா உட்கார்ந்து, பேத்தியை மடியில் வாங்கினார். ஒரு குட்டிக் கையைத் தன் அக்குளுக்குள் செருகினார். உள்ளங்கையைக் குழந்தையின் முழங்காலின்மேல் வைத்தார். அழுத்தவில்லை, வைத்தார். குழந்தை வீறிட வாயைத் திறப்பதற்குள் ஊசி வெளியே வந்துவிட்டது.

"இப்படிப் பிடிச்சு நான் பார்த்ததே இல்லையே! எந்த ஆஸ்பத்திரிங்க ஐயா?" என்றாள் நர்ஸ்.

"நாய் ஆஸ்பத்திரிம்மா."

சம்பந்தியம்மாவுக்கு இருமல் வந்தது.

வெளியே வந்ததும் அவர் குழந்தைக்காகக் கை நீட்டினார். "ரொம்ப உபகாரம், அண்ணா. அடுத்த மாசம் இன்னொரு ஊசி இருக்கு. கட்டாயம் வந்துடணும்."

பிடி மாமா குழந்தையைத் தோளில் சாய்த்துக்கொண்டு நடந்தார்.

"வர்றேன், தங்கச்சி. ஊசியில்லாத நாளைக்கும் கூப்பிடுங்க. இன்னிக்கு வீடு வரைக்கும் நான்தான் தூக்கிட்டு வருவேன்."