பத்தைக் கழிக்க மறந்த அளவு

அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் சம்பளச் சீட்டில் மட்டும்தான் இருக்கிறது. மற்ற எல்லா இடங்களிலும் அவர் டேப்காரர். கடைகளையும் அலுவலகங்களையும் உள்ளே இடித்துப் புதுப்பித்துத் தரும் ஒரு கான்ட்ராக்டரிடம் அளவெடுப்பது அவர் வேலை. மூக்குக் கண்ணாடியை மறந்துவிட்டு வேலைக்குப் போன நாட்கள் உண்டு. டேப்பை மறந்த நாள் கிடையாது.

வீட்டிலும் மனுஷர் சும்மா இருக்க மாட்டார். ஃபிரிட்ஜ் வாங்கக் கடைக்குப் போனால் மற்றவர்கள் கதவைத் திறந்து பார்ப்பார்கள். இவர் அதன் பின்பக்கம் போய்க் குனிந்து அளந்துகொண்டிருப்பார். மகள் பிறந்த அன்று குழந்தையின் நீளத்தை நர்ஸ் சொன்னதும், நம்பாமல் டேப்பை உருவி, நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டார். மறுநாள் நர்ஸ் அந்தப் பக்கம் போன நேரம் பார்த்து அளந்தும்விட்டார். அரை சென்டிமீட்டர் கூட்டிச் சொல்லியிருந்தாராம். இருபது வருடமாகியும் அந்தக் குறை அவருக்குத் தீரவில்லை.

அவர் அளக்கும் முறையே தனி. டேப்பின் நுனியில் ஒரு கொக்கி உண்டு. நாளாக நாளாக அது ஆட ஆரம்பிக்கும். அதை நம்பினால் இரண்டு மில்லிமீட்டர் ஏமாற்றும். அதனால் அவர் பூஜ்யத்திலிருந்து அளப்பதே இல்லை. பத்தாவது சென்டிமீட்டர் கோட்டை ஓரத்தில் வைத்து அளப்பார். வருகிற எண்ணில் பத்தைக் கழித்து நோட்டில் எழுதுவார். இந்த முறையில் ஒரே ஓர் ஆபத்துதான். கழிக்க மறந்தால் தொலைந்தோம். இருபத்தேழு வருடத்தில் அவர் ஒரு தடவைகூட மறந்ததில்லை. அதைப் பற்றி அவருக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு.

மனைவி கிடைத்ததற்கு அவர் நன்றி சொல்ல வேண்டியது கடைத்தெரு முனையில் இருக்கும் வங்கிக் கிளைக்குத்தான். இருபத்தாறு வருடத்துக்கு முன்னால் அங்கே கம்பி போட்ட கவுன்ட்டரை எடுத்துவிட்டு மரக் கவுன்ட்டர் போட முடிவானது. அளவெடுக்கப் போனவர், தூண் பக்கத்தில் நின்ற புதுக் கிளார்க்கிடம், "இந்த நுனியைக் கொஞ்சம் பிடிங்க" என்றார். அவள் அரைநாள் பிடித்துக்கொண்டு நின்றாள். பிறகு 'அளவைச் சரிபார்க்கணும்' என்று நாலு முறை வந்தார். நாலு முறையும் அவளையே நுனியைப் பிடிக்கச் சொன்னார். ஐந்தாவது முறை அவளுக்குப் பொறுமை போய்விட்டது.

"நீங்க கட்டிக்கப் போறது தூணையா, என்னையா?" என்று கேட்டுவிட்டாள்.

அப்படித்தான் கல்யாணம் ஆனது. ஆனாலும் அவளுக்கு ஒரு மனத்தாங்கல் உண்டு. வீட்டுக்கு யார் வந்தாலும் அதைச் சொல்லாமல் விட மாட்டாள். "அன்னைக்கு அரைநாள் நின்னேன். இந்த மனுஷன் ஒரு தடவை என் முகத்தைப் பார்க்கலை. தேங்க்ஸைக்கூட டேப்பைப் பார்த்துத்தான் சொன்னாரு!"

அவர் மறுத்துப் பேசியதில்லை. உண்மை அதுதானே.

போன வருடம் அந்த வங்கி இன்னொரு வங்கியோடு இணைந்தது. பெயர் மாறியது, பச்சையாக இருந்ததெல்லாம் ஆரஞ்சு நிறமாக வேண்டும் என்றார்கள். எந்தக் கிளையில் எது எங்கே இருக்க வேண்டும் என்று தலைமை அலுவலகம் ஒரு தடிமனான புத்தகம் அனுப்பியது. குப்பைக்கூடையின் நிறத்துக்கே அதில் ஒரு பக்கம் இருந்தது. அறுபதாம் பக்கத்தில் புதுக் கவுன்ட்டர். நெஞ்சளவு உயரம். ஊழியரும் வாடிக்கையாளரும் தோழமையோடு நின்று பேச வேண்டுமாம். நாற்காலி கிடையாது.

இன்னும் அதே கிளையில் வேலை பார்க்கும் மனைவிக்கு இடது முழங்கால் தேய்ந்து இரண்டு வருடமாகிறது. பத்து நிமிடத்துக்கு மேல் நிற்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஓய்வு பெற இன்னும் இரண்டு வருடம் நாலு மாதம் பாக்கி.

மேனேஜர் நல்லவர். அவரும் தன்னால் ஆனதைச் சொல்லிப் பார்த்தார். "அக்கா, நிக்க முடியாதுன்னு எழுதிக் குடுத்துடுங்க. தலைமை அலுவலகத்துல உள்வேலை போட்டுத் தருவாங்க."

தலைமை அலுவலகத்துக்கு இரண்டு பஸ் மாறிப் போக வேண்டும். போய்ச் சேர்ந்தாலும் ஜன்னல் இல்லாத அறையில் ஃபைல் அடுக்க வேண்டும். அன்று சாயங்காலம் காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டே அவள் அழுதாள்.

"மனுஷங்க முகத்தையே பார்க்காம ஃபைலோட குடும்பம் நடத்த என்னால ஆகாதுங்க. நின்னு பார்க்கிறேன். முடியலைன்னா எழுதிக் குடுத்துட்டு வீட்டுக்கு வந்துடறேன்."

அவருக்கு ஆறுதல் சொல்லத் தெரியாது. தைலப் புட்டியின் மூடியைத் திருகித் திருகி மூடினார். கிளையை மாற்றும் வேலை அவருடைய கான்ட்ராக்டருக்கே வந்திருந்தது. மறுநாள் காலையில், அதற்குப் படம் வரையும் இன்டீரியர் டிசைனர் பெண்ணிடம் போய் நின்றார்.

"ஒரே ஒரு நாற்காலிம்மா. மூலையில, யார் கண்ணுக்கும் படாம."

"எனக்கு ஆசை இல்லையா சார்? புத்தகத்துல இல்லாததை வரைஞ்சா என் வேலை போயிடும்."

அவர் அதற்குமேல் கெஞ்சவில்லை. அந்தப் பெண்ணும் சம்பளத்துக்கு வேலை பார்க்கிறவள்தானே.

அளவெடுக்கும் நாளும் வந்தது. புதுக் கவுன்ட்டர் இரண்டு தூண்களுக்கு நடுவில் வர வேண்டும். ஒரு தூணின் ஓரத்தில் பத்தாவது கோட்டை வைத்துப் பெயின்டரைப் பிடிக்கச் சொல்லிவிட்டு, மறு தூண்வரை டேப்பை இழுத்துக்கொண்டு போனார். பழகிக்கொள்ளட்டும் என்று அந்த வாரம் முழுக்க எல்லோரும் நின்றே வேலை பார்க்கும்படி மேனேஜர் சொல்லியிருந்தார். மனைவியும் நின்றுகொண்டிருந்தாள். ஒரு பெரியவருக்குப் படிவம் நிரப்பச் சொல்லிக்கொடுத்தபடி, இடது காலைத் தரையில் ஊன்றாமல், மேஜை விளிம்பை இறுக்கிப் பிடித்திருந்தாள். முகத்தில் மட்டும் சிரிப்புக்குக் குறைவில்லை. டேப்பில் முந்நூற்று ஐம்பத்திரண்டு வந்தது. நோட்டில் எழுதினார். அடுத்த சுவருக்குப் போனார்.

வெள்ளிக்கிழமை பச்சை வங்கியாக மூடி, திங்கட்கிழமை ஆரஞ்சு வங்கியாகத் திறக்க வேண்டும் என்பது ஏற்பாடு. சனிக்கிழமை மத்தியானம் லாரியில் கவுன்ட்டர் வந்து இறங்கியது. வழவழவென்று வெள்ளையாக, ஒரே பலகை. ஆறு பேர் தூக்கிவந்து தூண்களுக்கு நடுவில் வைத்தார்கள். இறங்கவில்லை. சாய்த்துப் பார்த்தார்கள், திருப்பிப் பார்த்தார்கள். அது கல்லுப்பிள்ளையார் மாதிரி அசையாமல் கிடந்தது. தச்சர் தன் டேப்பை எடுத்து இடைவெளியை அளந்தார்.

"அண்ணே, முந்நூத்தி நாப்பத்திரண்டுதான் இருக்கு. பலகை சரியா பத்து கூட."

சரியாகப் பத்து என்றதும் டேப்காரருக்குப் புரிந்துவிட்டது. அங்கிருந்த எல்லோருக்குமே புரிந்துவிட்டது. முதலில் பெயின்டர்தான் சிரித்தார். பிறகு ஏணிமேல் நின்ற எலக்ட்ரீஷியன் பல்பைப் பிடித்துக்கொண்டு குலுங்கினார். இருபத்தேழு வருடமாகக் காத்த மானம் ஐந்து நிமிடத்தில் கப்பலேறியது. கான்ட்ராக்டர் மட்டும் சிரிக்கவில்லை. அந்தப் பலகையை வெட்டினால் விளிம்பு போய்விடும். புதிதாகச் செய்துவர மூன்று வாரமாகும். திங்கட்கிழமை திறந்துவைக்க மண்டல அதிகாரி வருகிறார்.

"இப்போ வாசல்ல ரிப்பன் கட்டி, உள்ளே என்னத்தைக் காட்டறது?" என்று கான்ட்ராக்டர் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார்.

டிசைனர் பெண் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தாள். நூற்று முப்பத்தொன்றாம் பக்கத்தில் நிறுத்தினாள். தாழ்வான சின்ன மேஜை ஒன்று அங்கே இருந்தது. சக்கர நாற்காலியில் வருகிறவர்களுக்கும், கவுன்ட்டருக்கு இடம் போதாத கிளைகளுக்கும் என்று கீழே எழுதியிருந்தது. படத்தில் மேஜைக்கு இருபுறமும் நாற்காலிகள்.

"இடம் போதலைதானே? அப்போ இது போடலாம். குடோன்ல ஒண்ணு சும்மா கிடக்கு" என்றாள். சொல்லும்போது டேப்காரர் பக்கம் ஒரு பார்வை பார்த்தாள்.

திங்கட்கிழமை வந்த மண்டல அதிகாரி, காலையிலிருந்து மூன்று கிளைகளை நின்றே திறந்துவைத்தவர். மேஜையைப் பார்த்ததும், "அட, இங்கே உட்காரலாமா!" என்று வாடிக்கையாளர் நாற்காலியில் சாய்ந்துவிட்டார். எதிரே டேப்காரரின் மனைவி ஆரஞ்சு மேல்கோட்டோடு உட்கார்ந்திருந்தாள். மூன்று வாரத்தில் தலைமை அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. அந்தக் கிளையில் அந்த மேஜையே இருக்கட்டும் என்று.

டேப்காரர் கொடுத்த விலையும் சின்னதல்ல. வேலையிடத்தில் அவர் பெயர் இப்போது 'பத்து' என்று ஆகிவிட்டது. அதைக்கூடப் பொறுத்துக்கொள்வார். இனி அவர் எடுக்கும் அளவையெல்லாம் தச்சர் ஒருமுறை சரிபார்க்க வேண்டும் என்று கான்ட்ராக்டர் சொன்னதுதான் அவருக்கு நெஞ்சில் தைத்தது.

வீட்டிலோ நிலைமை நேர்மாறு. "எனக்காக வேணும்னே தப்பா எழுதினீங்க, இல்லை?" என்று முதல் நாளே மனைவி கேட்டாள். அவர் என்னத்தையோ முனகினார். அவள் அதை ஆமாம் என்று எடுத்துக்கொண்டாள். வங்கி முழுக்கச் சொன்னாள், தங்கைக்குப் போன் போட்டுச் சொன்னாள். அவருக்கு டீ கேட்காமலே வந்தது. அவரைக் கேலி செய்து அவள் சொல்லும் ஃபிரிட்ஜ் கதை, நர்ஸ் கதை எல்லாம் நின்றுபோயின. ராஜ உபசாரம்தான். ஆனால் ஒரு வாய் டீகூட அவருக்கு நிம்மதியாக இறங்கவில்லை. தப்பான அளவை வேண்டுமென்றே எழுதுகிறவன் என்று தன்னை, அதுவும் இவள், நினைப்பதா?

கடிதம் வந்த அன்று சாயங்காலம் டம்ளரைக் கீழே வைத்தார்.

"நான் வேணும்னு பண்ணலை."

"என்னது?"

"அந்தப் பத்து. நிஜமாவே மறந்துட்டேன். நீ ஒத்தைக் கால்ல நின்னுக்கிட்டு அந்தப் பெரியவர்கிட்ட சிரிச்சுட்டிருந்தே. அதையே பார்த்துட்டிருந்தேன். கழிக்கணும்கிற நினைப்பே வரலை. தங்கச்சிகிட்ட வேணா மாத்திச் சொல்லிடு."

அவள் அவர் பக்கம் திரும்பினாள். திட்டு விழப் போகிறது என்று அவர் தயாரானார். ஆனால் அவள் கண்ணில் நீர் தளும்பியது.

"அதே தூணு, அதே டேப்பு" என்றாள். "இருபத்தாறு வருஷம் கழிச்சாவது நிமிர்ந்து என்னைப் பார்த்தீங்களே!"