ஊதுபத்தி அட்டையில் ஒரு ஜன்னல்

இதை எழுதலாமா வேண்டாமா என்று பல வருஷம் தயங்கிவிட்டேன். வீட்டு விஷயத்தை வெளியே சொல்வதா என்று நோட்டை மூடி வைத்த நாட்கள் எத்தனையோ. போன வெள்ளிக்கிழமை சாமி அலமாரியைத் துடைக்கும்போது விபூதிச் சம்புடத்துக்கு அடியிலிருந்து அந்த அட்டை மறுபடியும் கைக்கு வந்தது. ஊதுபத்திப் பெட்டியை வெட்டி, நடுவில் ஒரு வரி அகலத்துக்கு பிளேடால் ஜன்னல் போட்ட அட்டை. புத்தகத்தின் மேல் வைத்தால் ஒரே ஒரு வரிதான் தெரியும். படமும் மற்ற வரிகளும் மறைந்துவிடும். அதைச் செய்தவள் என் ஓரகத்தி, கொழுந்தனார் மனைவி. ஆனால் என் மகளுக்காகச் செய்யவில்லை.

தொண்ணூறுகளின் நடுவில், கன்னடம் பேசும் ஊரான ஜீவனஹள்ளியில் அண்ணன் தம்பி இரண்டு குடும்பமும் ஒரே அடுப்பில் சாப்பிட்டோம். நான் திருவண்ணாமலைப் பக்கத்துப் பெண். ஐந்தாவது வரை, அதுவும் தமிழில். அவள் இந்த ஊரிலேயே பிறந்து இங்கிலீஷ் மீடியத்தில் பத்தாவது முடித்தவள். என் பெண்ணும் அவள் பையனும் ஒரே பள்ளியில் இரண்டாம் வகுப்பு. விளக்கேற்றியதும் இருவரையும் உட்கார வைத்து, ஒருமுறை வாசித்துக் காட்டிவிட்டு அவள்தான் வாசிக்கச் சொல்வாள். நான் அடுப்படியில் இருந்தாலும் காது அங்கேயே இருக்கும். என் பெண் எங்கும் நிற்காமல் கடகடவென்று வாசிப்பாள், சரியான இடத்தில் பக்கம் புரட்டுவாள். நானும் அம்மன் பாட்டுப் புத்தகத்தை மடியில் விரித்துக்கொண்டு, எழுத்தைப் பார்க்காமலே பாடி, பக்கம் புரட்டுகிறவள்தான். வாசிப்பதென்றால் அப்படித்தான் என்று நினைத்துக்கொண்டேன். பையனோ வார்த்தைக்கு வார்த்தை திணறுவான். "உம் பையன் சிட்டி பஸ்ஸாட்டம் ஸ்டாப்புக்கு ஸ்டாப் நிக்கிறானே" என்று கேலி செய்திருக்கிறேன். அவள் சிரித்ததோடு சரி. எனக்கு உள்ளூரப் பெருமை. பிள்ளையாருக்குத் தேங்காய்கூட உடைத்தேன்.

டைரியில் மிஸ் இங்கிலீஷில் ஏதாவது எழுதி அனுப்பினால் ஓரகத்திதான் படித்துச் சொல்வாள். "நல்லாப் படிக்கிறாளாம்க்கா, இங்க ஒரு கையெழுத்துப் போடுங்க" என்று விரல் வைத்துக் காட்டுவாள். நான் எழுத்தெழுத்தாகத் தமிழில் போடுவேன்.

அந்தத் தை மாதம் ஒருநாள் சாயங்காலம் அவள் கடைக்குப் போயிருந்தாள். பாயை உதறும்போது பையனின் புத்தகத்திலிருந்து இந்த அட்டை விழுந்தது. என்னவென்று கேட்டேன். "அம்மா செஞ்சது பெரிம்மா, இத வெச்சுதான் டெய்லி படிப்பேன்" என்றான். விளையாட்டாக அதை என் பெண்ணின் புத்தகத்தில் வைத்தேன். அவள் வாய் மூடிக்கொண்டது. அடுத்த வரிக்கு நகர்த்தினேன், சத்தமே இல்லை. அட்டையை எடுத்ததும் படத்தைப் பார்த்தாள். குழாய் திறந்த மாதிரி முதல் வரியிலிருந்து கொட்டத் தொடங்கினாள். என் பிள்ளைக்கு வாசிக்கவே தெரியாது. அத்தனை நாளும் சித்தி ஒருமுறை வாசிக்கக் கேட்டு மனப்பாடமாக ஒப்பித்திருக்கிறாள்.

மறுநாள் டைரியை எடுத்துக்கொண்டு பள்ளிக்குப் போனேன். மிஸ் கன்னடத்துக்காரர், கொஞ்சம் தமிழும் வரும். "நோடி அம்மா, மூரு சல, மூணு தடவை, எழுதினேன். பாப்பா மனப்பாடம்தான் சொல்றா, வாசிக்கல, வீட்ல பக்கத்துல உக்காருங்கன்னு. கீழ நீங்கதானே சைன் போட்டிருக்கீங்க?" என்று பக்கங்களைத் திருப்பிக் காட்டினார். மூன்று இடத்திலும் என் கையெழுத்து இருந்தது. பரீட்சைக்குள் தேறாவிட்டால் மறுபடியும் இரண்டாம் வகுப்புதான் என்றார்.

வீட்டில் அவள் ஊறிய அவரைக்கொட்டையைப் பிதுக்கிக்கொண்டிருந்தாள். மிஸ் எழுதியதை ஏன் மாற்றிச் சொன்னாய் என்று கேட்டேன். தலை தூக்காமலே, "நீங்க அவ்ளோ சந்தோஷமா கேட்டுட்டு இருந்தீங்கக்கா. எப்படிச் சொல்றது?" என்றாள்.

"அப்ப உம் பையனுக்கு மட்டும் அட்டை ஏன்?"

தோல் மட்டும் ஒவ்வொன்றாகத் தட்டில் விழுந்துகொண்டிருந்தது.

இங்கிலீஷ் தெரியாதவள் என்ன செய்ய முடியும் என்று மிஸ்ஸிடம் கேட்டிருந்தேன். ஒரே பக்கத்தைத் தினம் மூன்று தடவை வாசிக்கச் சொல்லுங்கள், தடுக்குகிற இடம் உங்கள் காதுக்கே தெரியும் என்றிருந்தார். அன்றிலிருந்து விளக்கேற்றியதும் நானே உட்கார்ந்தேன். அவள் முன்பு கேட்டிராத பாடமாக எடுத்து, அதே பக்கத்தை மூன்று தடவை, மேலே இந்த அட்டை. திருப்பிக் கொடுக்கவில்லை, ஓரகத்தி வேறொன்று செய்துகொண்டாள். தடுக்கும்போதெல்லாம் ஒரு புளியங்கொட்டையைத் தரையில் வைப்பேன். முதல்நாள் அள்ளியபோது என் கை கொள்ளவில்லை. பரீட்சைக்கு நாள் போதவில்லை. என் பெண்ணை அதே வகுப்பில் வைத்துவிட்டார்கள். பையன் மூன்றாம் வகுப்புப் புத்தகங்களுக்கு அட்டை போட்டுக்கொண்டிருந்தபோது, "நான் மட்டும் ஏம்மா அதே மிஸ்கிட்ட?" என்று கேட்டாள். அடுத்த தீபாவளிக்குள் பக்கத்துக்கு இரண்டு மூன்று கொட்டைதான் விழுந்தது என்பதெல்லாம் பிறகு வந்த கதை.

இப்போது தனித்தனி வீடு. என் பெண் வேலைக்குப் போகிறாள். சில மாதம் முன்பு ஓரகத்தி ஒரு கண்ணில் கட்டோடு வந்தாள், கையில் ஆஸ்பத்திரிக் காகிதம். பையன் வெளியூரில் இருந்தான். "கொஞ்சம் படிச்சுச் சொல்லு பாப்பா" என்று என் பெண்ணிடம் கொடுத்தாள். அவள் வரிக்குக் கீழே விரலை ஓட்டிப் பார்த்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தாள். எல்லாம் நல்லபடி என்று சொல்லச் சொல்லவா என்று ஒரு கணம் தோன்றியது. இரக்கத்தால் அல்ல, அவள் எனக்குச் செய்ததைத் திருப்பிச் செய்யத்தான்; சாமி முன்னால் பொய் சொல்ல மாட்டேன். பிறகு, "உள்ளதைப் படிம்மா" என்றேன்.

அந்தக் கண்ணுக்கு இனி பார்வை வராது என்று எழுதியிருந்தது. அப்படியே சொன்னாள். ஓரகத்தி காகிதத்தைத் தன் பக்கம் திருப்பி நல்ல கண்ணால் பார்த்தாள். பிறகு, "இன்னொரு தடவை படி" என்றாள். என் பெண் மறுபடியும் படித்தாள், ஒரு வார்த்தை குறையாமல்.

எனக்கு இன்னும் ஆறவில்லை. அட்டையைத் துடைத்து, இருந்த இடத்திலேயே வைத்துவிட்டேன். பிள்ளைகள் வாசிக்கும் வீடுகளில் யாராவது இதைச் சொல்வதானால், உள்ளது உள்ளபடி சொல்லுங்கள். அவளைக் கூடுதலாகக் கெட்டவளாக்க வேண்டாம். டைரியில் மூன்று இடத்தில் இருந்த என் கையெழுத்தையும் விட்டுவிட வேண்டாம்.