நாவற்பழ வைன் பட்ட சட்டை

அத்தையைப் பெண் பார்க்க வந்த மாப்பிள்ளை ஊமை என்றுதான் நான் முதலில் நினைத்தேன்.

யேசு பிறந்த நத்தார் முடிந்த வாரம் அது. வெளிநாட்டுச் சாமான் எல்லாம் வராமல் நின்றுபோயிருந்த காலம். ஆனாலும் வேதக்கார வீட்டுக்கு நத்தார் நாட்களில் ஆள் வந்தால் கேக்கும் வைனும் வைக்காமல் அனுப்பக் கூடாது. அதனால் அம்மா நாவற்பழத்தைச் சாடியில் போட்டு மாதக்கணக்கில் ஊறவைத்து, தானே ஒரு வைன் எடுத்திருந்தாள். மை தீர்ந்தால் பேனாவுக்கு ஊற்றலாம், அப்படி ஒரு நிறம்.

மாப்பிள்ளை யட்டவத்தைப் பக்கம் எஸ்டேட் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் வாத்தியார். கூட வந்தது அவருடைய அம்மா மட்டும். அந்த ஒருவரே ஒரு ஊர்வலம். அப்பா மாப்பிள்ளையின் முகத்தைப் பார்த்துக் கேட்பார். பதில் பக்கத்துக் கதிரையிலிருந்து வரும்.

"பிள்ளைகளுக்கு என்ன பாடம் சொல்லிக் குடுக்கிறீங்க?"

"கணக்குங்க. சின்னதிலயே அவன் கணக்குல புலி."

"பிரயாணமெல்லாம் சுகமா?"

"பஸ்சுல அவனுக்குத் தல சுத்தும்ங்க. இன்னிக்கி சுத்தல."

தலை சுற்றாத மாப்பிள்ளை அந்தத் தலையை மட்டும் ஆட்டிக்கொண்டிருந்தார்.

மத்தியான பஸ்சுக்கு அவர்கள் புறப்படுமுன் சரியா இல்லையா என்று சொல்லிவிட வேண்டும். அதுதான் பேச்சு. குசினியில் அத்தை, அதாவது அப்பாவின் தங்கை, அம்மாவிடம் பொரிந்துகொண்டிருந்தாள்.

"அண்ணி, நான் யாருக்கு வாக்கப்படப் போறேன்? மகனுக்கா, தாய்க்கா? அவரு வாயால ரெண்டு வார்த்த கேக்காம நான் சரின்னு சொல்ல மாட்டேன்."

"மெதுவாப் பேசு புள்ள, கேட்டுறப் போகுது."

"கேக்கட்டும். கேட்டாலாவது ஏதும் பேசுறாரான்னு பாப்போம்."

அம்மா வைன் கிளாசுகளைத் தட்டில் வைத்து அவள் கையில் கொடுத்தாள். தெருக் குழாயிலிருந்து இடுப்பில் குடமும் கையில் வாளியுமாக, தளும்பத் தளும்ப நிறைத்துக்கொண்டு ஒரு சொட்டுச் சிந்தாமல் ஏறிவருகிறவள் எங்கள் அத்தை. அன்று மாப்பிள்ளைக்கு முன்னால் குனிந்தாள். ஒரு கிளாஸ் சரிந்தது. அவருடைய வெள்ளைச் சட்டையின் நெஞ்சில் ஊதா நிறத்தில் ஒரு இலங்கைப் படம் விழுந்தது.

"ஐயோ மாதாவே! புதுச் சேட்டு! பூசைக்குக்கூடப் போடாம வச்சிருந்ததுங்க!" என்று அவருடைய அம்மா எழுந்தே விட்டார். அப்பா எலுமிச்சங்காய் என்றார். அம்மா முந்தானையை எடுத்துத் துடைக்கப் போனாள்.

"தேய்க்காதீங்க!"

வகுப்பறையின் கடைசி வாங்குக்கும் எட்டுகிற குரல். மாப்பிள்ளைதான்.

"தேய்ச்சா பரவிரும். உப்பப் போடுங்க."

சத்தம் கேட்டு அடுத்த வீட்டு முஸ்லிம் ராத்தா வேலிக்கு மேல் தலையை நீட்டினார். "எங்கட வீட்டுக்குள்ள அந்தச் சாமான் வராது தங்கச்சி. ஆனா நாவப்பழம் வருமே! புள்ளைகள்ட இஸ்கூல் சட்டையில நான் பாக்காத கறையா? உப்புக்குப் பொறகு கொதிதண்ணிய நல்லா ஒசத்திப் புடிச்சு ஊத்துங்க."

மாப்பிள்ளைக்கு அப்பாவின் சட்டையைக் கொடுத்தார்கள். அப்பா சின்ன ஆள். பொத்தானும் துளையும் சந்திக்கவே இல்லை. ஒரு கையால் சட்டையை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு, மறு கையில் கொதிதண்ணீர்க் கேத்தலுடன் அவர் பின்பக்கம் வந்தார். அத்தை பேசன் சட்டியின் வாயில் கறைபட்ட துணியை மேளத்தோல் மாதிரி இழுத்துக் கட்ட விரித்தாள். இரண்டு பேரையும் தனியே விடக் கூடாது, ஒரு பிள்ளை கூட இருக்க வேண்டும் என்று அம்மா என்னையும் அனுப்பிவைத்தாள்.

"வாத்தியாருக்குத் தொவைக்கவும் வருமா?"

"குவாட்டர்ஸ்ல தனியா கெடக்குறேன். வேற யாரு தொவைப்பா?"

"இத எப்பிடித் தனியா கட்டுவீங்க? ஒராள் இழுத்துப் புடிச்சாத்தானே மத்தாள் கட்ட ஏலும்."

"பல்லால கடிச்சுப் புடிச்சுக்கிட்டுக் கட்டுவேன்."

அத்தை வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அவர் ஒரு நுனியை இழுத்துப் பிடிக்க, அவள் கயிற்றைச் சுற்றிக் கட்டினாள். வாங்கின் மேல் ஏறி நின்று அவர் கொதிநீரை ஊற்றினார். ஊதா சிவப்பாகி, சிவப்பு ரோசாவாகி, இரண்டாவது கேத்தலோடு துணி பளிச்சென்று வெளுத்துவிட்டது.

"போயிருச்சு அத்தை!" என்றேன்.

"எங்க போச்சு? இன்னும் இருக்கு" என்றாள், அவரைப் பார்த்தபடி. "தண்ணி கொதிச்சிருச்சான்னு பாத்துட்டு வா."

அடுத்த கேத்தலும் வந்தது, அதற்கு அடுத்ததும் வந்தது. "இன்னும் இருக்கு." நான் மறுபடியும் "இல்லையே" என்றதற்குத் தொடையில் ஒரு கிள்ளும் கிடைத்தது. எனக்குப் பயம் பிடித்துவிட்டது. நேரே முன்னறைக்கு ஓடி, எல்லாருக்கும் கேட்கச் சொன்னேன்:

"அத்தைக்குக் கண்ணு தெரியல!"

மாப்பிள்ளையின் அம்மா கையில் இருந்த கேக்கைக் கீழே வைத்தார். "கண்ணுல கோளாறா? எங்களுக்கு யாரும் சொல்லலையே!"

"வெள்ளைச் சட்டையில கறை இருக்குங்கிறாங்க" என்று நான் விளக்கமும் கொடுத்தேன். அப்பாவின் முகம் செத்துப்போனது. அந்த அம்மா கைப்பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டார்.

அப்போது மாப்பிள்ளை கையில் ஈரச் சட்டையோடு உள்ளே வந்தார். பின்னால் அத்தை.

"கறை இருக்குத்தாம்மா" என்றார். "எனக்கும் தெரியுது."

அந்த அம்மா சட்டையை வாங்கி வாசல் வெளிச்சத்தில் பிடித்தார். முன்னே பார்த்தார், பின்னே பார்த்தார், மகனைப் பார்த்தார். அப்புறம் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்த அத்தையை வெகுநேரம் பார்த்தார்.

"ஆமா, காலருகிட்ட கொஞ்சம் இருக்கத்தான் இருக்கு" என்றார். வைன் விழுந்ததோ நெஞ்சில்! "நீங்க போய் அலசுங்க. நாங்க பின்னேர பஸ்சுல போறோம்." கைப்பை மறுபடியும் கீழே இறங்கியது.

பின்னேரம் பஸ்சுக்குப் புறப்படும்போது அப்பா அத்தையைப் பார்த்தார். அத்தை தலையை ஆட்டினாள். அன்று தலையாட்டுவது அவள் முறை.

கல்யாணத்தன்று மாமா கோட்டுக்குள் அதே சட்டையைப் போட்டிருந்தார். நான் கிட்டப் போய் உற்றுப் பார்த்தேன். காகிதம் மாதிரி வெள்ளை.

"இன்னும் தெரியுதா மாமா?" என்று கேட்டேன்.

அவர் அத்தையைப் பார்த்தார். "கொஞ்சம் இருக்கு" என்றார். அத்தையும் ஆமாம் என்றாள்.

பூசை முழுக்க எனக்கு ஒரே கவலை. கண் சரியில்லாத இரண்டு பேரை இப்படிச் சோடி சேர்த்து அனுப்புகிறார்களே, தோட்டத்துப் படிக்கட்டில் யார் யாரைக் கைபிடித்துக் கூட்டிப்போவது?