ஆலைக்கு முன்னால் எழுந்திருக்காதே

நான் மூன்றாம் வகுப்போடு நின்றவன். ஆனாலும் யுத்த காலத்தில் திருத்தணிக்கும் திருவாலங்காட்டுக்கும் நடுவே கரும்பு வைத்தவர்கள் சாறு பிழியும் என் ஆலைக்காகத்தான் காத்துக் கிடந்தார்கள். இரும்பு உருளைகள், மேலே நீண்ட மரம், அதை இழுத்துச் சுற்றும் மாடுகள். எல்லாம் நானே பாடுபட்டு வாங்கியது.

உருளைக்கு முன்னால் ஒருவன் குந்தியபடி கரும்பைக் கொடுப்பான். ஆபத்தெல்லாம் அவன் கைக்குத்தான். உருளை கவ்வினால் மாடு நிற்கும்வரை விடாது.

ஒரு வருஷம் வேறொருவர் ஆலையில் என் கண்ணாலேயே பார்த்தேன். நிலத்துக்காரர் வரப்பில் வந்தார். கரும்பு கொடுத்தவன் பதறி எழுந்து, வழக்கப்படி தோள் துண்டை எடுத்து இடுப்பில் கட்டப் போனான். துண்டின் முனையை உருளை பிடித்தது. அதை இழுக்கப் போன கையும் உள்ளே போனது. மரியாதைக்கு விரல்களைக் கொடுத்தான் அவன்.

அன்றே முடிவு செய்தேன். என் ஆலையில் துண்டு மரக்கிளையில்தான் தொங்கும். எவர் வந்தாலும் கரும்பு கொடுக்கிறவன் எழக் கூடாது.

மறு வருஷம் அதே நிலத்துக்காரரின் கரும்புக் கொல்லையில் என் ஆலையைப் போட்டேன். கரும்பு கொடுக்க உட்கார்ந்தவன் அவருடைய பண்ணையாள். அவர் வந்தார், இவன் எழவில்லை.

"இன்னாடா, நான் வந்துகினு கீறேன், குந்திகினே கீறான்?"

"எழுந்தா கை போவும் நைனா. நான்தான் எழுந்துக்காதேன்னு சொன்னேன்."

"என் ஆளுக்குச் சொல்ல நீ யாரு? எழுந்திருடா."

பண்ணையாள் எழப் போனான். நான் மாடுகளை நிறுத்தி நுகத்தை அவிழ்த்தேன்.

"இவன் எழுந்தா ஆலை ஓடாதுங்க. வெல்லத்துல விரல் கெடந்தா சந்தையில எவன் வாங்குவான்?"

"வாய் ரொம்ப நீளுது."

"வாய் நீண்டா பரவால்லீங்க. கை கொறையக் கூடாது."

வெட்டிப் போட்ட கரும்பு வெயிலில் காய்ந்துகொண்டிருந்தது. இன்னும் ஒரு நாள் கிடந்தால் சாறு புளித்துவிடும். குவியலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "ஓட்டித் தொல" என்று சொல்லிவிட்டுச் சாறு காய்ச்சும் கொப்பரைப் பக்கம் போனார்.

பண்ணையாள் மெதுவாகக் கேட்டான்: "நாளைக்கு என்னை வேலைல வெச்சிக்குவாராண்ணா?"

"வெச்சிக்கலன்னா என்கூட வா."

வைத்துக்கொள்ளவில்லை. கரும்பு முடிந்த அன்றே துரத்திவிட்டார். என்னோடு வந்தான். அடுத்த தை மாதம் அவர் ஆள் அனுப்பியபோது, அவர் துரத்தியவனைத்தான் உட்கார வைப்பேன் என்று சொல்லி அனுப்பினேன். சம்மதித்தார். யுத்த காலத்தில் வேறு ஆலைக்கு எங்கே போவார்? அவர் கொல்லையிலேயே அவன் எழாமல் கரும்பு கொடுத்தான்.