மூன்று ராணியும் கச்சான் தோட்டத்துத் தண்ணீரும்

எனக்கு எண்பத்தொரு வயது. பெற்றது ஐந்து, வளர்த்தது ஏழு. மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள்; எழுத்து மெல்லத்தான் வரும். அவசரக்காரர் வேறு எதையாவது வாசிக்கலாம்.

காட்ஸ், சீட்டு, விளையாடியது உண்மை. காசுக்கு அல்ல, தண்ணீருக்கு.

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு சிறுபோகம். வன்னியில், ஒட்டுசுட்டானுக்கு உள்ளே எங்கள் குளம் வற்றிக்கொண்டு வந்தது. ஒரே வாய்க்காலில் மூன்று குடும்பங்கள். மேட்டில், மலையகத்திலிருந்து வந்து குடியேறிய ஒரு பெண்ணின் கச்சான் தோட்டம், நிலக்கடலை. நடுவில் யாழ்ப்பாணத்து மாமி ஒருவரின் வயல். கடைசியில் எங்கள் இரண்டு ஏக்கர். ஆளுக்கு அரைநாள் தண்ணீர் முறை. ஆண்கள் இரவு முழுக்க யானைக்குக் காவலிருந்துவிட்டுப் பகலில் படுத்துவிடுவார்கள். அதனால் வாய்க்கால் காவல் பெண்களின் தலையில். மருத மரத்துக்குக் கீழே சாக்கை விரித்து மூன்று பேரும் இருப்போம்.

கப்பலில் சமையல் வேலை பார்த்த என் தம்பி எங்களைப் பார்க்க வந்தவன், சண்டையில் பாதை பூட்டியதால் திரும்பிப் போக வழியில்லாமல் நின்றான். அவன்தான் அந்த விளையாட்டைப் பழக்கினான். ஆளுக்கு ஐந்து காட். பார்த்துவிட்டுப் பந்தயம் கூட்டலாம், அல்லது விட்டுவிடலாம். பிறகு வேண்டாத காட்டை எறிந்து புதிது எடுக்கலாம். அதற்குப் பின் இன்னொரு தரம் பந்தயம். மூன்று ஒன்றுபோல வந்தால் பெரிய கை. ஐந்தும் ஒரே இனமாக வந்தால் அதைவிடப் பெரிது. பந்தயத்துக்குப் புளியங்கொட்டை. ஒரு கொட்டைக்குக் கால் மணித்தியாலத் தண்ணீர், அவரவர் முறையிலிருந்து.

என் நெல்லுக்குத் தண்ணீர் போதாது. அதை வாய் திறந்து சொல்ல நான் ஆளில்லை. வென்று எடுப்பேன் என்று இருந்தேன்.

ஆனால் இந்த இரண்டு பேரோடும் எப்படி வெல்வது? ஒருநாள் எடுத்த எடுப்பிலேயே மூன்று ராசா வந்தது. பவ்வியமாக இரண்டு கொட்டை கூட்டினேன். கையில் ஒன்றுமில்லாதவர்கள் விட்டுப் போக வேண்டியதுதானே? இல்லை.

“பிள்ளை கூட்டியிருக்கிறா. நாங்கள் வராமல் விட்டா என்ன நினைப்பா?” என்றார் மாமி. கலியாணத்துக்குச் சொன்னது போல வந்தார்.

“நானும் வாறேன்க்கா” என்றாள் மலையகத்துக்காரி.

மாமி ஒரு ஆஸை மட்டும் வைத்துக்கொண்டு நாலு காட்டை எறிந்தார். எடுத்த நாலில் இரண்டு ஆஸ். மூன்று ராசாவும் படுத்துவிட்டார்கள்.

“உப்பிடியும் வருமோ!” என்று அவர் வெற்றிலை வாயோடு என்னிடமே கேட்டார்.

தம்பி தன் தலையில் அடித்துக்கொண்டான். “அக்கா, நல்ல காட் வந்தா இரண்டு மூண்டெண்டு கூட்டாதை. இது ஒருத்தரும் விட்டுப்போற சபை இல்லை. எட்டுப் போடு. சும்மா எடுத்துப் பாக்க வாறவைக்கு வலிக்கோணும்.”

அடுத்த நாள் மூன்று பத்து வந்தது. எட்டுப் போட்டேன்.

“அடியாத்தை, எட்டோ? பிள்ளை சீலைத் தலைப்பை இழுத்துச் செருகிறா. உது பெரிய கை. நான் மாட்டன்.” மாமி காட்டைக் கவிழ்த்தார்.

மற்றவளோ யோசிக்காமல் எட்டையும் எண்ணி வைத்தாள். அவள் கையில் இருந்தது வெறும் இரண்டு நாலு. மூன்றை எறிந்து எடுத்தாள். மற்ற இரண்டு நாலும் வந்து சேர்ந்தன. வென்றவள் சிரிக்கவாவது வேண்டாமா? “மன்னிச்சுக்கங்கக்கா” என்று முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டாள். அது எனக்கு இன்னும் எரிந்தது.

மாமிக்கு இன்னொரு கெட்ட பழக்கம். ஆட்டம் முடிந்த பிறகு எறிந்த காட்டுகளைக் கிண்டி, யாரிடம் என்ன இருந்தது என்று பார்ப்பார். பிறகு அரைமணிக்கு வழக்கு. தம்பிக்குப் பொறுமை போய்விட்டது. “இனிமேல் காட்டாத காட்டுக்குக் கணக்கில்லை. நிலத்தில கவிட்டு வைச்சா அது செத்த காட்” என்று சட்டம் போட்டான்.

நெல் பால்பிடிக்கிற நேரம் வந்தது. இலைநுனி சுருளத் தொடங்கிவிட்டது. அடுத்த நாளோடு குளத்து மதகை, துருசை, பூட்டுவதாகச் சொல்லிவிட்டார்கள். அந்தக் கடைசி அரைநாள் முறை மலையகத்துக்காரியின் கச்சானுக்கு. என் முறை முடிந்து போயிருந்தது. அந்தத் தண்ணீர் கிடைக்காவிட்டால் இரண்டு ஏக்கரும் பதர்.

அன்று எனக்கு மூன்று ராணி வந்தது. சீலைத் தலைப்பைத் தொடவில்லை. இரண்டு போட்டால் இருவரும் வருவார்கள், எட்டுப் போட்டால் மாமி ஓடுவார் என்று கணக்குப் பார்த்து ஆறு போட்டேன்.

“ஆறோ… ஐஞ்செண்டா வந்திருப்பன்” என்று மாமி கவிழ்த்தார். இந்த மனுசியை என்ன செய்வது!

“நான் இருக்கேன்க்கா.” அவள் ஒரு காட்டை எறிந்து ஒன்று எடுத்தாள். நான் இரண்டு எடுத்தேன், குப்பை.

தம்பி மெல்ல இருமினான். “அக்கா, அவ ஒண்டுதான் மாத்தினவ. கவனம்.”

இனி என்ன கவனம்? பந்தயம் வைக்க என்னிடம் மிச்சம் இருந்தது வருகிற போகத்து முறைதான். “நாளைக்கு உன்ர முறை முழுக்க. என்ர பக்கம் வாற போகத்து முதல் முறை” என்றேன்.

“சரிங்க” என்றாள், தேத்தண்ணிக்குச் சீனி கேட்டவளுக்குப் பதில் சொல்வதுபோல.

மூன்று ராணியையும் விரித்தேன். அவள் பார்த்தாள். தன் காட்டுகளைக் கவிழ்த்துக் குவியலுக்குள் தள்ளினாள். “நீங்க ஜெயிச்சிட்டீங்க.”

மாமியின் கை சும்மா இருக்குமா? தோண்டி எடுத்தார். ஐந்தும் ஆடுதன், ஒரே இனம். சிவப்புச் சிவப்பாக வரிசையாக.

“எடியே, உது ராணியை அடிக்குமெல்லோ! ஏன் காட்டேல்லை?”

அவள் நிலத்தைப் பார்த்தாள். “இனியும் தண்ணி விட்டா கச்சான் அழுகிடும் மாமி. நானும் ரெண்டு கெழமையா தோக்கத்தான் பாக்குறேன். வாற கார்டு விட மாட்டேங்குது.”

எனக்கு ஏறின கோபம் கொஞ்சமல்ல. நான் இரண்டா, ஆறா, எட்டா என்று மண்டையை உடைத்தது யாரோடு? தோற்க வந்து இருந்தவளோடு!

“வாயைத் திறந்து சொல்லியிருக்கலாம்தானே?” என்று கத்தினேன்.

“சும்மா குடுத்தா நீங்க வாங்குவீங்களாக்கா?”

காட்டுகளைப் பொறுக்கினேன். “திருப்பிப் போடு தம்பி. உந்த ஆட்டம் வேண்டாம். ஒழுங்கா விளையாடுவம்.”

“உனக்கென்ன விசரே அக்கா? கவிட்டு வைச்ச காட் செத்த காட். சட்டம் சட்டம்தான். நீ வெண்டிட்டாய். போ, போய் மடையை வெட்டு.”

ஓம், சட்டம் சட்டம்தான். அடுத்த நாள் விடியற்காலை மண்வெட்டியோடு போய் என் வயலுக்குத் தண்ணீரைத் திருப்பினேன். அரைநாள் முழுக்க ஓடியது. பிறகு துருசு பூட்டியது. நெல் பால் கட்டி முற்றியது, பதர் சொற்பம்.

மாமி விடவில்லை. கோயிலடியில், சங்கக் கடையில், கண்ட இடமெல்லாம் “பாவம் பாத்து விட்டுக் குடுத்த தண்ணி” என்று கதை. ஐந்து கொட்டைக்கு வந்திருப்பேன், ஆறுக்கு வரமாட்டேன் என்று ஓடினவர் அவர். மூன்று ராணியோடு இருந்தவள் நான். விளையாடத் தெரியாதவர்கள் தீர்ப்புச் சொல்ல வரக்கூடாது.

இவ்வளவும் எழுத எனக்கு மூன்று நாள் பிடித்தது. பேத்தியைக் கூப்பிட்டுக் கையில் கொடுத்திருக்கிறேன்.

“பிள்ளை, இதை ஒருக்கா சத்தமாய் வாசி. மாமியின்ர மகள் வேலியடியிலதான் நிக்கிறா. நான் வெண்ட இடம் வரேக்க அவசரப்படாமல், நல்லா நிறுத்தி வாசி.”