அவள் அழித்த விடை

ஈராண்டுகளுக்கு முன், மலேசியாவின் லாயாங் லாயாங் ஊரில் ஒரு கோயில் மண்டபத்தில், சனிக்கிழமைதோறும் படிவம் மூன்று பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்துவந்தேன். என் துறை தமிழ். கணக்கு ஆசிரியர் மாற்றலாகிப் போனபோது, நானே பார்த்துக்கொள்கிறேன் என்று முன்வந்தேன்.

அன்று அடுக்குகளின் வகுத்தல். பலகையில் 2⁸ ÷ 2² என்று எழுதி, எட்டை இரண்டால் வகுத்து, 2⁴ என்று விடையும் எழுதினேன். முன்வரிசையில் ஒரு மாணவி எழுந்தாள்.

"டீச்சர், கழிக்கணும்ல? மேல எட்டு ரெண்டு, கீழ ரெண்டு ரெண்டு. வெட்டினா ஆறு மிஞ்சுமே."

"வகுக்கச் சொன்னா வகுக்கணும். கழிக்கச் சொன்னாங்களா? டீச்சருக்கே பாடம் எடுக்கிறியா?"

வகுப்பு சிரித்தது. அவள் உட்கார்ந்து, நோட்டில் எழுதியிருந்ததை அழித்தாள்.

வீட்டில் போட்டுப் பார்த்தேன். 256ஐ நான்கால் வகுத்தால் 64, அது 2⁶. அவள் சொன்னதே சரி. அன்றே வகுப்பின் வாட்ஸ்அப் குழுவில் ஒரு வரி எழுதியிருக்கலாம், எழுதவில்லை. அடுத்த சனிக்கிழமை, அடிமானம் ஒன்றாயின் அடுக்குகளைக் கழிக்க வேண்டும் என்று, புதுப் பாடம்போலப் பலகையில் எழுதினேன். நான் தவறியதைச் சொல்லவில்லை. காய்ச்சலால் அவள் வந்திருக்கவில்லை. அவளுடைய காலி நாற்காலியைக் கண்டு நிம்மதியடைந்தேன் என்று எழுத இப்போதும் கை கூசுகிறது.

திங்களன்று பள்ளியில் ஆண்டிறுதித் தேர்வு. படிவம் நான்கில் யாருக்கு அறிவியல் வகுப்பு என்பதை அதுதான் முடிவு செய்யும். தாள்கள் திருத்திக் கொடுக்கப்பட்டபின் வந்த சனிக்கிழமை, அவள் விடைத்தாளோடு வந்தாள். அடுக்குக் கணக்கு மூன்றிலும் சிவப்புக் கோடு. ஆறு மதிப்பெண் போயிருந்தது. அறிவியல் வகுப்புக்கு நான்கு மதிப்பெண் போதவில்லை.

"மொதல்ல கழிச்சுதான் போட்டேன் டீச்சர். அப்புறம் நீங்க சொன்னது ஞாபகம் வந்துச்சு."

பக்கத்துத் தோழி திகைத்துக் குறுக்கிட்டாள். "அலமாக்! டீச்சர் அப்பவே மாத்தி எழுதிட்டாங்க லா. நீதான் அன்னிக்கு வரல."

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். "மாத்திட்டீங்களா டீச்சர்?"

எல்லார் முன்னிலையிலும் உண்மையைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். அவளுடைய பள்ளிக்கும் போய் மன்றாடினேன். மரியாதையாகக் கேட்டுக்கொண்டார்கள், மதிப்பெண் மாறவில்லை. மறுவாரம் முதல் அவள் வகுப்புக்கு வரவில்லை.

அந்தத் தாளில் 5⁹ ÷ 5³ என்ற கணக்குக்கு அவள் எழுதிய 5³ என்ற விடையின் அடியில், அழிப்பான் தேய்த்த இடத்தில், முதலில் எழுதிய 5⁶ மங்கலாகத் தெரிந்தது. இன்றும் ஒரு பிள்ளை ஐயம் கேட்க எழும்போதெல்லாம், நான் வாய் திறக்குமுன் அந்த மங்கிய எண்தான் கண்முன் நிற்கிறது; என் மதிப்பைக் காத்துக்கொள்ள நான் மறைத்த தவற்றுக்கு விலை கொடுத்தவள் அவள்.